83 நாள் பயணப்பட்ட அவுரி: ஒரு சரக்குச் சேத கிளெய்மின் நிகழ்வு ஆய்வு

ஹாம்பர்க் கிடங்கில் அந்தப் பேல்களின் (அமுக்கிக் கட்டிய இலைப் பொதிகளின்) மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'டின்னவெல்லி சென்னா' என்று அச்சடித்திருந்தது. நாம் எப்போதோ திருநெல்வேலி என்று எழுதத் தொடங்கிவிட்டோம், மருந்துச் சந்தைக்கு ஊர் இன்னமும் டின்னவெல்லிதான். சித்த வைத்தியர் நிலாவரை என்பார், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து விவசாயி அவுரி என்பார். மலச்சிக்கல் மருந்துக்காக ஐரோப்பா முழுக்கப் போகிற இலை. இந்த இலைக்கு விலை அதன் பச்சை நிறத்தில் இருக்கிறது. நிழலில் உலர்த்தி, ஈரம் போக்கி, காம்பும் கட்டையும் பொறுக்கி, அமுக்கிப் பேல் போட்டு அனுப்புகிற வரைக்கும் வியாபாரி காப்பாற்றுவது அந்த நிறத்தைத்தான்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஏற்றுமதிக்காரர்களுக்குச் சரக்குச் சேத கிளெய்ம் வேலை பார்க்கிறவன் நான். 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் என்னிடம் வந்த கோப்பு இது. ஆட்கள், நிறுவனங்கள் பெயரை எல்லாம் விட்டுவிட்டேன். ஏற்றுமதி செய்தவரை அண்ணாச்சி என்று மட்டும் சொல்கிறேன்.

பெட்டி போன பாதை

2024 ஜூன் 7-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டஃபிங், அதாவது பெட்டிக்குள் சரக்கு ஏற்றினார்கள். நாற்பதடிப் பெட்டி ஒன்று, 128 பேல், பேல் ஒன்றுக்குச் சுமார் 155 கிலோ. பெரிய துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோகும் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி 11-ஆம் தேதி கொழும்பில் இறங்கியது. வழக்கமாக நாலைந்து நாளில் நெடுந்தூரம் போகும் தாய்க்கப்பல் கிடைக்கும், சூயஸ் வழியாகப் போய் ஒரு மாதத்தை ஒட்டி ஹாம்பர்க் சேரும். இந்தத் தடவை முதல் கப்பலில் இடம் இல்லை என்று தள்ளினார்கள். அடுத்த கப்பல் கொழும்பைத் தொடாமலே போய்விட்டது. மூன்றாவதிலும் ஏற்றவில்லை. ஜூலை 14-ல்தான் ஏறியது. 33 நாள் கொழும்பு முற்றத்தில் கிடந்திருக்கிறது. பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆகஸ்ட் 24-ல் ஹாம்பர்க். 29-ஆம் தேதி வாங்குபவரின் கிடங்கில் கதவு திறந்தார்கள். ஸ்டஃபிங் தொடங்கி மொத்தம் 83 நாள்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2023 நவம்பர் 19-ல் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலை யேமனின் ஹூத்தி கிளர்ச்சிப் படையினர் பிடித்ததில் இருந்து தாக்குதல்கள் தொடர்ந்தன. டிசம்பர் நடுவில் பெரிய லைன்கள் (கப்பல் கம்பெனிகள்) எல்லாம் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. ஒரு வழிப் பயணத்துக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். வாரம் ஒரு கப்பல் என்ற கணக்கில் சேவை நடக்க வேண்டுமானால் கூடுதல் கப்பல் வேண்டும், கூடுதல் பெட்டி வேண்டும். இரண்டும் இல்லை. கப்பல்கள் நேரம் தவறி, கூட்டமாகச் சேர்ந்து வந்து விழுந்தன. 2024 மே, ஜூனில் சிங்கப்பூர் வாசலில் சில கப்பல்கள் ஒரு வாரம் வரை நின்றன. வளைகுடாவுக்கும் செங்கடலுக்கும் போக வேண்டிய சரக்கை இறக்கி மாற்றும் இடமாகிப்போன கொழும்பில் முற்றம் நிரம்பி வழிந்தது. தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பங்குக்குக் கொழும்புதான் வாசல். அங்கே விக்கல் எடுத்தால் நமக்குத் தண்ணீர் இறங்காது.

பெட்டித் தட்டுப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மாதங்களில் "வேற நல்ல பெட்டி குடுங்க" என்று கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஆகவே கொடுத்ததை எடுத்தார்கள். அண்ணாச்சிக்குக் கிடைத்ததும் ஒட்டுப்போட்ட பழைய பெட்டிதான்.

ஒரு வரியில் விழுந்த முடிச்சு

கதவு திறந்த மறுநாளே அண்ணாச்சி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அதன் சாரம் இவ்வளவுதான்: கொழும்புத் துறைமுகத்தில் ஏற்பட்ட கடும் தாமதத்தால் எங்கள் சரக்கு கெட்டுவிட்டது, முழுத் தொகையும் தர வேண்டும்.

நாலு நாளில் பதில் வந்தது. பாலிசியின் 4.5-ஆம் பிரிவின்படி தாமதத்தால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை.

அந்தக் காகிதத்தோடுதான் என்னிடம் வந்தார். "தம்பி, பெட்டி கொழும்புல கெடந்து கெட்டுப் போயிட்டுன்னு உள்ளதத்தான எழுதுனேன். அதுல என்ன தப்பு?"

தப்பு இரண்டு. முதலாவது, கடல் இன்சூரன்ஸில் தாமதம் என்பது விலக்கு. இந்தியாவின் கடல் காப்பீட்டுச் சட்டம், 1963, பிரிவு 55 இதைத் தெளிவாகச் சொல்கிறது. காப்பீடு செய்த ஆபத்தினாலேயே தாமதம் வந்திருந்தாலும், தாமதம்தான் நஷ்டத்துக்கு அண்மைக் காரணம் (நேரடியாக விளைவித்த காரணம்) என்றால் பணம் கிடையாது. பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதே பிரிவு சரக்கின் உள்ளியல்பினால் வரும் கேட்டையும் விலக்குகிறது. இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அண்ணாச்சி சரக்கைப் பார்க்கவே இல்லை. பாளையங்கோட்டைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே காரில் போகும்போது, வாங்குபவர் அனுப்பிய மூன்று போட்டோவை வைத்துக்கொண்டு, எதனால் கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சாட்சியே நீதிபதி வேலையையும் பார்த்த கதை.

உண்மையை மறைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கடிதத்தில் கண்ணால் கண்டதை எழுத வேண்டும்: இத்தனை பேல் நனைந்திருக்கிறது, இந்த மூலையில், இந்தத் தேதியில் கண்டோம், சர்வேயரை அனுப்புங்கள். 'தாமதத்தால்' என்ற சொல் அதில் எங்கேயும் தேவையில்லை. ஆனால் 2021-ல் இருந்து இன்று வரை என் மேசைக்கு வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் அந்தச் சொல்லோடுதான் வந்திருக்கின்றன. துறைமுக நெரிசல் பற்றிச் செய்தித்தாளில் படித்துப் படித்து, அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் மனதில் பதிந்துவிட்டது.

ஒரு நல்ல காலம், பாலிசி ஐ.சி.சி. 'ஏ' (சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று இருக்கும் மூன்று விதித் தொகுப்புகளில் மிக விரிவானது). சி.ஐ.எஃப். விலையில் (சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்த்து) விற்கிறவர், சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-ன்படி குறைந்தபட்ச 'சி' பாலிசி எடுத்தாலே போதும். பிரீமியம் மிச்சம் என்று பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். 'சி'-யில் கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் என்று பெரிய விபத்துகள் மட்டுமே உண்டு. 'பி'-யில்கூடக் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏரிநீரும் பெட்டிக்குள் புகுந்தால் உண்டு, மழை நீர் கிடையாது. இந்தக் கோப்பில் அந்த ஒரு எழுத்து எவ்வளவு வேலை செய்தது என்பது பின்னால் வரும்.

வெள்ளையாய்ப் போன சொட்டு

ஹாம்பர்க்கில் சர்வே நடந்தது. நனைந்த பொருளில் கடல்நீரா நல்ல தண்ணீரா என்று பார்க்க சர்வேயர்கள் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். குளோரைடு இருந்தால் சொட்டு விழுந்த இடம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுக்கும். அங்கே ஒன்பது பேல்களில் நன்றாகவே வெளுத்தது. முதல் அறிக்கை 'கடல்நீர் புகுந்ததாகத் தெரிகிறது' என்றது.

அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். "வெள்ளையா ஆயிட்டுல்லா! கடத்தண்ணிதான்னு அவனே எழுதிட்டான். பொறவு என்ன?"

எனக்கு அதில்தான் உறுத்தல். கடல்நீர் என்றால் ஒரு பக்கமாக, கீழிருந்தோ ஒரு ஓட்டையில் இருந்தோ வர வேண்டும். வெளுத்த ஒன்பது பேல்களும் பெட்டியின் இரண்டு சுவர் ஓரமும் வரிசையாக, ஒரே இடைவெளி விட்டு இருந்தன. ஸ்டஃபிங் போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் நேர் மேலே ஈரம் உறிஞ்சும் நீளப் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பைகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து உப்புநீராக்கிப் பைக்குள் தேக்கிக்கொள்ளும். முப்பது நாற்பது நாள் பயணத்துக்குக் கணக்குப் பண்ணித் தொங்கவிட்டது. 83 நாளில் வயிறு நிரம்பி, தையலில் கசிந்து சொட்டியிருக்கிறது. குளோரைடு எந்த உப்பில் இருந்தாலும் சொட்டு வெளுக்கும், வெள்ளி நைட்ரேட்டுக்குக் கடலும் தெரியாது பையும் தெரியாது. வாங்குபவரின் கிடங்கு ஆளிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: அந்த இலை காய்ந்ததா? காயவில்லை, கையில் பிசுபிசு என்று ஒட்டுகிறது என்று பதில். கடல்நீர் காய்ந்தால் உப்புப் பூக்கும். கால்சியம் குளோரைடு காயாது, காற்றில் இருந்து இன்னும் இன்னும் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் சோடியமா கால்சியமா என்று பார்த்தபோது கால்சியம் என்றே வந்தது.

கையில் கிடைத்த நல்ல அறிக்கையை நாமே போய்க் கெடுப்பதா என்று அண்ணாச்சிக்கு வருத்தம். இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு இடத்தில் பொய் என்று பட்டால் மற்ற பேல்களின் கணக்கையும் நம்ப மாட்டார்கள். திருத்தின அறிக்கையை நாங்களே அனுப்பினோம்.

கூரையில் கட்டைவிரல் அகலம்

கதவுப் பக்கம், இடது மூலையில் 17 பேல் சொதசொதவென்று நனைந்து, நடுவில் கறுத்துக் கட்டியாகி இருந்தது. அங்கே வெள்ளி நைட்ரேட் துளியும் வெளுக்கவில்லை. நல்ல தண்ணீர். மேலே பார்த்தால் கூரைத் தகட்டில், மூலை வார்ப்பை ஒட்டி, கட்டைவிரல் நுழைகிற அளவில் ஒரு துளை. தகடு உள்பக்கமாக மடிந்திருந்தது.

நெரிசல் பெட்டியை எப்படி உடைக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. பெட்டியின் நாலு மூலையிலும் ஓட்டை வைத்த வார்ப்பு உண்டு. கிரேனின் ஸ்பிரெடர் (பெட்டியைப் பிடிக்கும் சட்டம்) இறங்கி, நாலு முளையும் நாலு ஓட்டையில் உட்கார்ந்தால்தான் தூக்க முடியும். முளை ஒரு சாண் தள்ளி இறங்கினால் அடியில் இருப்பது 2 மில்லிமீட்டர் தகடு. முற்றம் காலியாக இருக்கும்போது ஒரு பெட்டியை இறக்குவார்கள், ஏற்றுவார்கள், அவ்வளவுதான். முற்றம் நிரம்பினால் அடுக்கு உயரும், அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் இடம் மாற்ற வேண்டும். கப்பல் தவறினால் மறுபடி வேறு அடுக்கு. ஒவ்வொரு தூக்கலும் முளை குறி தவறுவதற்கு இன்னொரு வாய்ப்பு, அதுவும் ராத்திரி பகலாக ஓடுகிற ஆபரேட்டர் கையில். துளை விழுந்த பிறகு பெட்டி எங்கே கிடந்தது? ஜூன், ஜூலை கொழும்பில், தென்மேற்குப் பருவமழையில், திறந்த முற்றத்தில்.

இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு கேள்வி கேட்டது, இரண்டும் நியாயமான கேள்வி. துளை தூத்துக்குடியிலேயே இருந்ததில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் குளிர்கால அலையில் வந்த கப்பலில், கூரையில் துளையோடு ஒரு பெட்டிக்குள் கடல்நீர் மட்டும் எப்படிப் புகாமல் போனது?

இரண்டாவது கேள்விக்கு ஆறு இலக்க எண் ஒன்று பதில் சொன்னது. கப்பலில் ஒவ்வொரு பெட்டிக்கும் இடக்குறி உண்டு. அதன் கடைசி இரண்டு இலக்கம் 80-க்கு மேல் என்றால் பெட்டி மேல்தளத்தில், 02, 04, 06 என்று போனால் கப்பலின் வயிற்றுக்குள். லைன் அனுப்பிய குறி 08-ல் முடிந்தது. அலை எட்டாத இடம். (மேல்தளத்தில் இருந்திருந்தால் நனைவதைவிடப் பெரிய கவலை இருந்திருக்கும். உலகக் கப்பல் கவுன்சில் கணக்கில் 2023-ல் கடலில் விழுந்த பெட்டி 221, 2024-ல் 576. அதில் ஏறக்குறைய 200 நன்னம்பிக்கை முனைப் பக்கம் விழுந்தவை.)

முதல் கேள்விக்கு விடை வந்த இடம் வேடிக்கையானது. ஸ்டஃபிங் அன்று பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தி, எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையை யாரும் செய்யவில்லை. செய்ததாக ஒரு படிவத்தில் டிக் மட்டும் போட்டிருந்தார்கள். ஆனால் லோடு ஏற்றின பையன் ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக, உள்ளே நின்று கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாட்டோடு வீடியோ எடுத்திருந்தான். கதவுப்பக்க இடது மூலை அதில் ஒன்றரை வினாடி வருகிறது. தகடு முழுசாக, ஒட்டுகூட இல்லாமல் இருக்கிறது. தூத்துக்குடி கேட்டில் பெட்டி ஒப்படைத்தபோது வாங்கிய ஈ.ஐ.ஆர். சீட்டிலும் (பெட்டி கைமாறும்போது அதன் நிலையைக் குறிக்கும் சீட்டு) கூரைச் சேதம் எதுவும் குறிக்கவில்லை. ஹாம்பர்க் முனையத்தில் வெளியே வந்தபோது எழுதிய சீட்டில் 'கூரை துளை' என்று தெளிவாக இருக்கிறது. இந்த இரண்டு சீட்டுக்கும் நடுவே பெட்டி லைனின் பொறுப்பில் இருந்தது.

பூஞ்சை படிந்த 31 பேல்

மேலடுக்கு முழுக்க, சாக்கின் முதுகில் வெள்ளைப் பூஞ்சை. சுரண்டினால் உள்ளே இலை பரவாயில்லை, ஆனால் மருந்துக்கு வாங்குகிறவன் பூஞ்சை கண்ட பேலைத் தொட மாட்டான்.

இது பெட்டி மழை. பகலில் இலையில் இருந்து ஈரம் ஆவியாகி மேலே போகும், ராத்திரி குளிர்ந்த கூரையில் துளியாகி இலை மேலேயே விழும். சூயஸ் வழியாகப் போனால் கப்பல் பூமத்திய ரேகையைத் தொடுவதே இல்லை. நன்னம்பிக்கை முனை வழியில் அதை இரண்டு தடவை கடக்கிறது, நடுவில் தென்கோடியில் ஜூலை மாதத்துக் குளிர்காலம். வெக்கை, குளிர், திரும்ப வெக்கை, திரும்பக் குளிர். ஒரு பயணத்துக்கு இரண்டு பயணத்து வியர்வை.

இதற்குப் பணம் கேட்க அண்ணாச்சி விரும்பினார். நான் நம்பிக்கை கொடுக்கவில்லை. கல்கத்தாவில் இருந்து ராட்டர்டாமுக்குப் போன தோல் கையுறைகள் பற்றி இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-ல் 'நோட்டன் எதிர் ஹார்டிங்' வழக்கில் சொன்ன தீர்ப்பு இந்த விஷயத்தில் நெற்றியில் அடித்த மாதிரி இருக்கும். கையுறையில் இருந்தே கிளம்பிய ஈரம் கூரையில் படிந்து கையுறை மேலேயே சொட்டியது, ஆகவே கேடு சரக்கின் உள்ளியல்பில் இருந்து வந்தது, காப்பீட்டாளர் தர வேண்டியதில்லை. நம் 1963 சட்டம் இங்கிலாந்தின் 1906 சட்டத்தை ஒட்டியது, அதனால் இங்கேயும் அந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். எங்களுக்கும் நீட்டினார்கள்.

யாரிடம் என்ன தேறியது

சி.ஐ.எஃப். விற்பனையில் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதோடு ஆபத்து வாங்குபவருக்குப் போய்விடுகிறது. சட்டப்படி இது அண்ணாச்சியின் தலைவலியே கிடையாது. ஆனால் இருபது வருஷமாக இலை வாங்குகிறவரிடம் சட்டம் பேசினால் இருபத்தோராவது வருஷம் வேறு ஆளிடம் வாங்குவார். அதனால் வாங்குபவரிடம் அதிகாரக் கடிதம் வாங்கி, கிளெய்மை நாமே இங்கிருந்து நடத்தினோம்.

இன்சூரன்ஸ் கம்பெனி முதல் கடிதத்தில் இருந்து கீழே இறங்க ஏழு மாதம் எடுத்தது. கடைசியில் 17 பேலுக்கு முழுத் தொகை, நல்லதையும் கெட்டதையும் பிரித்த கூலி, அவ்வளவும் கொடுத்தது. அண்மைக் காரணம் துளை வழியே வந்த மழை, தாமதம் பின்னணி மட்டும் என்பதை ஒத்துக்கொண்டார்கள். பாலிசி 'பி'-யாக இருந்திருந்தால் இதே மழைக்கு ஒரு பைசா வந்திருக்காது. பை சொட்டிய 9 பேல் போதாத பேக்கிங் என்ற கணக்கில் போனது, பூஞ்சை 31-ம் போனது. நான் இரண்டாவதை ஏற்கிறேன். முதலாவதில் இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

லைன் மீதான கிளெய்மில் வாங்குபவர் ஒரு தவறு செய்தார். வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாளில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், அவர் ஐந்தாவது நாள் கொடுத்தார். அதனால் உரிமை போய்விடாது. சரக்கு நல்லபடியாக ஒப்படைக்கப்பட்டது என்ற அனுமானத்தை உடைக்கும் சுமை நம் தலையில் ஏறும், அவ்வளவுதான். முனையத்து ஈ.ஐ.ஆர். சீட்டு அந்தச் சுமையை இறக்கிவிட்டது. தவறவே விடக்கூடாத கெடு வேறொன்று, ஒப்படைத்த நாளில் இருந்து ஒரு வருஷம். அப்போது நடப்பில் இருந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, 2025-ல் அதற்குப் பதில் வந்த புதிய கடல்வழிச் சரக்குச் சட்டத்திலும் சரி, அந்த ஒரு வருஷம் அப்படியேதான் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் நெருங்கியதும் லைனிடம் எழுத்தில் கால நீட்டிப்பு வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். பேசியது இன்சூரன்ஸ் கம்பெனி. 17 பேலுக்குப் பணம் கொடுத்ததும் அந்த உரிமை அவர்களுக்குப் போய்விட்டது. லைனின் பி அண்ட் ஐ கிளப் (கப்பல்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கம்) ஒரு பகுதியைக் கொடுத்து முடித்தது.

மிச்சம் 71 பேல். நனையவில்லை, பூஞ்சை இல்லை, எடையும் சரியாக இருந்தது. பச்சை மட்டும் பழுப்பாகிப் போயிருந்தது. அதற்குக் காரணம் கலப்படமில்லாத தாமதம்.

"அந்த நெறத்துக்கு யாரு தருவா தம்பி?" என்று கேட்டார். இன்சூரன்ஸில் 4.5 தடுக்கும், லைன் கொடுத்த பி.எல். என்ற சரக்கு ரசீதின் முதுகில் தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி பொடி எழுத்தில் இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த ஷிப்மென்ட் இன்வாய்ஸை எடுத்து என் பக்கம் திருப்பினார். மொத்தத் தொகைக்குக் கீழே, வாங்குபவர் கேட்டதன் பேரில், ஒரு கழித்தல் வரி ஏறியிருந்தது: பழைய பெட்டி, நிறக் குறைவு.